பிறந்த தேதியா, பிறந்திருக்க வேண்டிய தேதியா?

கடந்த ஏப்ரல் மாத இறுதியில், எங்கள் பேத்தமங்களா கிளைக்கு இளைஞர் ஒருவர் தம் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க வந்திருந்தார். விண்ணப்பத்தில் பிறந்த தேதிக்கான கட்டத்தை அடைந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், இங்க எந்தத் தேதியைப் போடணும்? பொறந்த தேதியா, டாக்டர் சொன்ன தேதியா?”

குழந்தை பத்து வாரம் முன்னதாகப் பிறந்துவிட்டது. நவம்பர் 20 அன்று பிறந்தவள், முறைப்படி ஜனவரி இறுதியில் பிறந்திருக்க வேண்டியவள். வளர்ச்சியைக் கணக்கிடும்போது அந்தப் பத்து வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைத் தவிர வேறெதையும் வங்கி ஏற்காது என்று நான் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே நவம்பர் 20 என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு எழுந்தவாறே, “அந்த ஃபுளூ ஊசிக்கு மட்டும் டாக்டர் சொன்ன தேதியிலிருந்துதான் எண்ணிட்டிருக்கோம் சார். ஆறு மாசம் ஆகறதுக்கு ஜூலைக் கடைசி ஆயிடும்” என்றார்.

அவரை மீண்டும் அமரச் சொன்னேன். நான் மருத்துவன் அல்லன். வணிகவியல் படித்து வங்கிக்கு வந்தவன். ஆயினும் இந்த ஒரு கணக்கில் முன்பு ஒருமுறை தவறியவன் என்ற முறையில் அவரிடம் பேசினேன். அவரிடம் சொன்னதையும், அதன் பின் குழந்தைகள் நல மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு 31ஆவது வாரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. ஜனவரி 5ஆம் தேதி. உரிய நாளுக்கு ஒன்பது வாரம் முன்பு. மருத்துவமனையில் பல வாரங்கள் இருந்து, எடை கூடி, வீட்டுக்கு வந்தான். பி.சி.ஜி., போலியோ, பிறகு 6, 10, 14ஆவது வாரத் தடுப்பூசிகள் எல்லாம் உரிய நாளில் போடப்பட்டன; அதற்கு எங்கள் அக்கறை மட்டும் காரணமன்று. அவை அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ளவை. ஆஷா பணியாளர் தாயி கார்டைப் பார்த்து, பிறந்த நாளிலிருந்து வாரங்களை எண்ணி, வீட்டு வாசலில் வந்து நின்று அழைத்துப் போனார். நாங்கள் கணக்குப் போட வேண்டிய தேவையே எழவில்லை.

ஃபுளூ தடுப்பூசி அந்தப் பட்டியலில் இல்லை. ஆறு மாதம் நிறைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதோடு சரி. நினைவூட்ட யாரும் வரமாட்டார்கள். அப்போதுதான் வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தது: எதிலிருந்து ஆறு மாதம்? கணக்குத் தெரிந்தவன் என்று என்னைக் கேட்டார்கள். குப்புற விழுவதற்கும் உட்காருவதற்கும் ஒன்பது வாரம் கழித்துப் பார்க்கச் சொன்னவர்கள், ஊசிக்கும் அப்படித்தானே சொல்வார்கள் என்று நான் முடிவு கட்டினேன். ஜூலை 5ஆம் தேதி போட வேண்டிய ஊசியைச் செப்டம்பர் 9ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தவன் நானே. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்த பெரிய பையனிடமிருந்து குழந்தைக்குத் தொற்றியது. இரண்டாம் நாள் பால் குடிக்க மறுத்தான்; மூச்சு வாங்கியது; விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தது. பரிசோதனையில் இன்ஃபுளுவென்சா என்று தெரிந்தது. பத்து நாள்கள் ஆக்சிஜன் உதவியோடு மருத்துவமனையில் இருந்தான். பிழைத்தான்; இன்று பள்ளிக்குப் போகிறான்.

ஊசி போட்டிருந்தால் நோய் வந்தே இருக்காது என்று உறுதி கூற இயலாது. தடுப்பூசி முழுக் கவசம் அன்று. அந்த ஆண்டில் உலவும் வைரஸோடு அது எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்துப் பலன் கூடவும் குறையவும் செய்யும். ஆனால் நோய் வந்தாலும் மருத்துவமனை வரை போகும் நிலையைக் குறைப்பதே அதன் முதன்மைப் பயன். அந்தப் பயனை அடைய அவனுக்கிருந்த வாய்ப்பை என் கழித்தல் கணக்கு பறித்துக்கொண்டது.

ஏன் கழிக்கக் கூடாது?

37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனமும் பிறரும் கூட்டாக வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது.

இக்குழந்தைகளுக்கு இரண்டு வயதுகள் உண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று. முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்து எண்ணும் திருத்திய வயது மற்றொன்று. தலை நிற்பது, தவழ்வது, பேசுவது, உயரம், எடை ஆகியவற்றை ஒப்பிடும்போது, பொதுவாக இரண்டு வயது வரை, மருத்துவர்கள் திருத்திய வயதையே பார்க்கிறார்கள். இது நியாயமே. மூளையும் தசையும் கருவில் வளர வேண்டிய காலத்தை வெளியில் வளர்ந்து முடிக்கின்றன.

தடுப்பூசியின் நியாயம் வேறு. தாயின் உடலில் உள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்வது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். பத்து வாரம் முன்பே பிறந்த குழந்தை அந்தச் சீதனத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு வருகிறது. பெற்றுவந்த கொஞ்சமும் விரைவில் கரைந்துபோகிறது. போதாக்குறைக்கு நுரையீரலும் மூச்சுக்குழாய்களும் முதிராதவை. ஆக, நிறைமாதக் குழந்தையைவிட இக்குழந்தைக்கு ஆபத்து மிகுதி, கையிருப்பு குறைவு. அத்தகைய குழந்தையை மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருக்க வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது? என் கழித்தல் அதைத்தான் செய்தது.

வெளியுலகின் கிருமிகளை எதிர்கொள்ளத் தொடங்கிய நாள் முதலே குழந்தையின் நோயெதிர்ப்பு அமைப்பு பழகத் தொடங்கிவிடுகிறது. அது உரிய பிரசவ தேதிக்காகக் காத்திருப்பதில்லை. எனவே உடல்நிலை சீராக உள்ள குறைமாதக் குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் பிறந்த நாளிலிருந்து எண்ணியே, முழு அளவில், போடப்படுகின்றன. மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி ஊசியின் முதல் தவணையைப் பற்றி மட்டும் மருத்துவர்கள் தனியாகச் சிந்திப்பதுண்டு. ஃபுளூ ஊசிக்கு அப்படிப்பட்ட விலக்கு இல்லை. பிறந்த நாளிலிருந்து ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். அவ்வளவே. ‘பிள்ளை ரொம்பச் சின்னதாக இருக்கிறான், கொஞ்சம் தேறட்டும்’ என்று பாட்டிமார் சொல்வது அன்பினால். ஆனால் தேறாத பிள்ளைக்கே இது அதிகம் தேவை.

இந்தியக் குழந்தைகள் நல மருத்துவக் கழகம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறது. முதன்முறை போடும்போது இரண்டு தவணைகள். இடைவெளி குறைந்தது நான்கு வாரம். அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒன்று போதும். இரண்டாம் தவணை முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரம் சென்ற பிறகே நல்ல பாதுகாப்பு கிடைக்கும். அதாவது முதல் ஊசியிலிருந்து ஆறு வாரம். வைப்புத்தொகை போட்ட அன்றே வட்டி கேட்பவரை நாம் பார்த்துப் புன்னகைப்பதுண்டு. ஊசி போட்ட மறுநாளே குழந்தையைத் திருமண மண்டபத்துக்குத் தூக்கிச் செல்வதும் அவ்வாறுதான்.

இப்போது என் மருமகனின் கணக்கைத் திரும்பப் பார்க்கிறேன். ஜூலை 5 முதல் தவணை, ஆகஸ்ட் 2 இரண்டாம் தவணை, ஆகஸ்ட் 16இல் பாதுகாப்பு. நோய் தொற்றியது ஆகஸ்ட் கடைசி வாரம். என் கணக்குப்படி போயிருந்தால் செப்டம்பர் 9, அக்டோபர் 7, அக்டோபர் 21. மழைக்காலத்தின் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருக்கும்.

மழையும் ஒரு நாள்காட்டி

பிறந்த தேதி ஒரு நாள்காட்டி என்றால், ஃபுளூ வைரஸுக்குத் தனியாக ஒரு நாள்காட்டி உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காலம் தப்பாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது குளிர்கால நோய். நம் நாட்டில் காஷ்மீரில் அப்படியே. ஆனால் இந்தியாவின் பெரும்பகுதியில் ஃபுளூ உச்சம் பெறுவது தென்மேற்குப் பருவமழையோடு, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில். ஜனவரியிலிருந்து மார்ச் வரை சிறிய அலை ஒன்றும் எழுவதுண்டு. சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பரவல் கூடுகிறது.

பேத்தமங்களா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாலாறு எங்கள் ஏரியை நிரப்பிவிட்டுத்தான் வாணியம்பாடி, வேலூர்ப் பக்கம் போகிறது. கோலார் மாவட்டத்துக்குச் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை மிகுதி. இரு திசை மழையும் தொடும் ஊர் என்பதால், ஜூனுக்குள் ஆயத்தமாகிவிடுவதே எங்களுக்குப் பாதுகாப்பு.

வைரஸ் ஆண்டுக்காண்டு உருமாறுவதால் ஊசியும் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் உரிய வைரஸ் வகைகளை அறிவிக்கிறது. நிலப்படத்தில் நாம் வட அரைக்கோளத்தில் இருந்தாலும், மழைக்காலத்துக்கு முன்பாக ஏப்ரல், மே மாதங்களில் நம்மிடம் வந்து சேரும் புதிய ஊசி தென் அரைக்கோளப் பட்டியலைச் சேர்ந்தது. இந்த விவரத்தை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘இந்த ஆண்டு ஊசிதானே, காலாவதி ஆகவில்லையே?’ என்று கேட்டால் போதும்.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவது ஏப்ரலிலோ மேயிலோ என்றால் நல்வாய்ப்பு. தவணைகள் இரண்டும் மழைக்கு முன்பே முடிந்துவிடும். ஆகஸ்டில் நிறைந்தால்? ‘சீசன் பாதி போய்விட்டது’ என்று விட்டுவிடக் கூடாது. நிறைந்த உடனே தொடங்க வேண்டும். டிசம்பரில் நிறைந்தாலும் ஜனவரி அலை காத்திருக்கிறது. கிடைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு, அடுத்த மழைக்காலத்துக்கு முன் மீண்டும் போடுவது குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். முதல் ஆண்டில் ஒரே தவணையோடு நின்றுபோன குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டு இரண்டு தவணை தேவைப்படும். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆறு மாதம் வரை என்ன செய்வது?

ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குரிய ஃபுளூ ஊசி உலகில் எங்கும் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு மிக ஆபத்தான காலமும் அதுதான். அப்போது ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் குழந்தையைச் சுற்றியிருப்பவர்கள்.

முதலாவது தாய். கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. கர்ப்ப காலத்தில் போடும் ஊசி தாயைக் காப்பதோடு குழந்தைக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்து அனுப்புகிறது. முன்பே ஒரு குறைப்பிரசவம் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளி வைக்காமல் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுவது நல்லது. கடைசி மாதம் என்பது அவர்களுக்கு வராமலே போகலாம். பிரசவத்துக்கு முன் தவறவிட்டவர்கள், பாலூட்டும்போதும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தவர் தந்தை. எங்கள் பகுதியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் பிழைப்பு பெங்களூருக்கு ரயிலேறியது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் விடியுமுன் ஏறி, நிற்க இடமின்றி நெருக்கியடித்துக்கொண்டு போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். என் வாடிக்கையாளரும் இருசக்கர வண்டியில் பங்காருபேட்டை வரை போய் அதே கூட்டத்தில் கலப்பவர். ஒருவர் தும்மினால் நால்வர் முகத்தில் படும் பெட்டி அது. வீடு திரும்பியதும் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும் என்பது அந்த வீடுகளுக்கு வெறும் ஆசாரம் ஆகாது.

மூன்றாமவர் தாத்தா. சுரங்கத்தில் பாறைத்தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் நோயோடு ஓய்வு பெற்றவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபுளூ வந்தால் அவர்களுக்கும் ஆபத்து. அவர்கள் மடியில் கிடக்கும் பேரனுக்கும் ஆபத்து. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஊசிதான்.

நூற்றாண்டுக்கு முன் சுரங்கக் குடியிருப்புகளுக்குத் தூய நீர் தேவைப்பட்டபோது, எங்கள் பேத்தமங்களா ஏரி நீரை வடிகட்டிக் குழாய் வழியே தங்கவயலுக்கு ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்குள் வரும் குடிநீரை இங்கிருந்தே சுத்தம் செய்து அனுப்பிய ஊர் இது. வீட்டுக்குள் வரும் காற்றை அப்படி வடிகட்ட வழியில்லை. வருகிற மனிதர்களுக்குத்தான் ஊசி போட முடியும்.

செலவும் சில நடைமுறைகளும்

அரசுத் திட்டத்தில் இல்லாததால் இதற்குப் பணம் கொடுக்க வேண்டும். ஒரு தவணையின் விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைக் கடக்கிறது. குழந்தைக்கு இரண்டு, பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒவ்வொன்று என்றால், நடுத்தரக் குடும்பத்துக்கும் அது ஒரு மாத மளிகைச் செலவு ஆகிவிடும். பொதுவாக மருத்துவக் காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. தடுப்பூசிச் செலவை ஏற்பவை அரிது. ஆகவே கர்ப்பம் உறுதியான மாதத்திலிருந்தே சிறு தொகை ஒன்றைத் தொடர் வைப்பில் போட்டு வருமாறு நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு. வங்கிக்காரன் வேறென்ன சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். பத்து நாள் ஆக்சிஜன் வார்டுக்குக் கட்டிய பில்லை நான் பார்த்திருக்கிறேன்.

சிறிய ஊர்களில் மருந்துக் கடைகள் இந்த ஊசியை எப்போதும் வைத்திருப்பதில்லை. முன்கூட்டிச் சொல்லி வரவழைக்க வேண்டும். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது, உறைந்துபோனாலும் பயனற்றது. வெளியூரில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுவருவதைவிட, அதை வைத்திருக்கும் மருத்துவரிடமே போட்டுக்கொள்வது மேல்.

சாதாரண சளி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. கடுமையான காய்ச்சல் இருந்தால் தணியும் வரை பொறுக்கலாம். குழந்தைகளுக்குப் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசி. அதனால் ஃபுளூ வராது. ஓரிரு நாள் தொடையில் வலியும் இளஞ்சூடும் இருக்கக்கூடும். மூக்கில் தெளிக்கும் வகை இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது. மிகக் குறைந்த வாரங்களில் பிறந்த குழந்தைகள், நுரையீரல் அல்லது இருதயக் குறை உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், முன்பு ஏதேனும் ஊசிக்குக் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் ஆகியோருக்கு அவர்களைக் கவனித்துவரும் மருத்துவரின் சொல்லே முடிவானது.

இன்னொன்று, தாயி கார்டில் ஃபுளூ ஊசிக்கென்று அச்சிட்ட கட்டம் இராது. பக்கத்தின் ஓரத்திலாவது தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாத தவணை, அடுத்த ஆண்டு போடாத தவணையாகிவிடும்.

ஜூலையில் அந்த இளைஞர் மீண்டும் கிளைக்கு வந்தார். மகளின் கணக்கில் 250 ரூபாய் செலுத்திவிட்டுத் தாயி கார்டை எடுத்து என் மேசைமேல் விரித்தார். ஓரத்தில் நீல மையில் இரண்டு வரிகள்: மே 20, ஜூன் 17. கீழே வேறொரு கையெழுத்தில், ‘தாத்தா, ஜூன் 17’ என்று எழுதியிருந்தது. தாமும் தம் மனைவியும் போட்டுக்கொண்டுவிட்டதாகவும், தங்களுடையதை எழுதக் கார்டில் இடமில்லை என்றும் சொன்னார்.